தானாக மாறிய பாட்டுகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எதையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. கைப்பேசியில் பாட்டுக் கேட்கிற செயலி இருக்கிறதே, அது 'உங்களுக்காக' என்று ஒரு பட்டியலை நீட்டும்போதெல்லாம் எனக்கு முதுகு கூசும். எனக்காக என்றால் யார் போட்டது? என்னிடம் எதைப் பார்த்துப் போட்டது? போன வாரம் பல்வலியில் ஒரு சோகப் பாட்டை இரண்டு தடவை கேட்டுத் தொலைத்தேன். அன்றிலிருந்து காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போதே எனக்கு ஒப்பாரி பாட ஆரம்பித்துவிடுகிறது. மகளிடம் சொன்னால், "அது அப்படித்தான்மா, விடுங்க லா" என்கிறாள். நான் விடுகிற மாதிரி இல்லை.

உங்களுக்கும் என் வயதுதான் இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கக் கண்ணாடியைத் தேட ஆரம்பிக்கிற வயது. அதனால் அந்தப் பிளேயரை உங்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. கணினித் திரையின் மூலையில் கறுப்பும் சாம்பலுமாக மூன்று துண்டாக ஒட்டிக்கொண்டு கிடக்குமே, அதுதான். மேல் துண்டில் பச்சை எண்கள் ஓடும். பக்கத்திலேயே பாட்டுக்கு ஏற்றபடி பச்சைக் கம்பிகள் குதிக்கும். நடுத் துண்டில் மேலும் கீழும் தள்ளுகிற கட்டைகள். தள்ளினால் என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனாலும் எல்லோரும் தள்ளினோம். கீழ்த் துண்டில் பாட்டுப் பட்டியல், பெயரெல்லாம் ஆங்கில எழுத்தில், பாதியில் வெட்டுப்பட்டு.

ஒரு காலத்தில் அது இல்லாத கணினியே கிடையாது. பிறகு கணினியோடு சேர்ந்தே வருகிற பிளேயர் வந்தது. இன்னொன்று, பாட்டைக் காசு கொடுத்து வாங்கு என்றது. அப்புறம் பாட்டெல்லாம் கைப்பேசிக்குள் குடிபோனது; இப்போது கைப்பேசியிலும் பாட்டு இல்லை, எங்கிருந்தோ வருகிறது, மாதச் சந்தா நின்றால் வருவதும் நிற்கிறது. அந்தப் பழைய பிளேயரை மூடுகிறோம் என்றார்கள், இல்லை மூடவில்லை என்றார்கள், புதுசாக விடுகிறோம் என்றார்கள். யார் எதைச் சொன்னாலும் நான் தலையை மட்டும் ஆட்டினேன். எனக்கும் அதற்கும் வேறு ஒரு வழக்கு இருக்கிறது.

நான் சொல்லும் பருவம், புத்தாயிரம் பிறந்த கையோடு, அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தின் கடைசித் தேர்வான ஐந்தாம் படிவத் தேர்வு முடிவு வந்த சமயம். ரந்தாவ் டவுனுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அப்பா மண்டோர், செம்பனைக் குலை வெட்டுகிறவர்களை வேலை வாங்குவது அவர் பொறுப்பு. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் பாதி வீடு காலியாகிவிட்டிருந்தது, ஆட்கள் டவுனுக்குப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டுக்கு எதிரே சாலையில் ஒரு பெரிய கால்வாய், அதன் மேல் பலகைப் பாலம். குலை ஏற்றிப்போகும் லாரி தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தப் பலகைக்கு வந்ததும் ஊர்ந்துதான் தாண்டும்.

அக்காவுக்குப் பதினெட்டு, எனக்குப் பதினொன்று. செரம்பானில் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று அக்காவுக்குக் கடிதம் வந்திருந்தது. எங்கள் லயத்தில் அப்படி ஒரு கடிதம் எந்த வீட்டுக்கும் வந்ததில்லை. அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று நாள் தோட்டம் முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது அதில் செம்பனை எண்ணெய்க் கறை இருந்தது. கடிதத்தோடு வந்த பட்டியலில் வெள்ளைச் சப்பாத்து ஒரு சோடி என்று போட்டிருந்தார்கள். ரந்தாவ் கடையில் வாங்கினோம். அக்கா அதைப் பாயின் மேல் மட்டும் போட்டு நடந்து பார்ப்பாள். தரையில் நடந்தால் மண் ஒட்டிவிடுமாம்.

அந்தச் சமயத்தில்தான் மாமா கணினியைக் கொண்டுவந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி, செரம்பானில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. புதியது வாங்கிவிட்டதால் பழையதை எங்களுக்குத் தந்தார்.

"படிக்கப் போற புள்ள, கம்ப்யூட்டர் தெரியாம போவக்கூடாது," என்றார். "இது பெரியவளுக்கு. காலேஜிக்குப் போறப்ப இதையும் தூக்கிக்கிட்டுப் போகட்டும். சின்னவ கை வைக்கக்கூடாது, சொல்லிட்டேன்."

அக்கா போகும்போது கணினியும் போய்விடும். இந்த ஒரு வாக்கியம் எனக்குள் எப்படி இறங்கியது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா அந்தப் பெட்டிக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார், வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டினார். நான் அதன் திரைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோவேன். கை மயிர் எல்லாம் எழுந்து நிற்கும். சூடான தூசியும் சந்தனமும் கலந்த ஒரு வாசனை அதற்கு. இன்றைக்கும் பழைய கணினி ஒன்றைத் திறந்தால் நான் முதலில் மோந்துதான் பார்ப்பேன்.

மாமா பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய வட்டிலிருந்த பாட்டையெல்லாம் அதற்குள் ஏற்றி, அந்தப் பிளேயரையும் போட்டுக் கொடுத்திருந்தார். அவருக்குத் தெரிந்தது ஆரம்பிக்கிற பொத்தானும் நிறுத்துகிற பொத்தானும். அக்காவுக்கும் அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தார். அம்மா இரண்டு ஸ்பீக்கரையும் ஜன்னலில் வெளியே பார்க்க வைத்தார். நாம் மட்டும் கேட்டால் லயத்தில் கஞ்சம் என்பார்களாம். தினமும் சாயங்காலம் அக்கா சமையலை முடித்துவிட்டு வந்து பாட்டை ஆரம்பித்துவிட்டுத் தட்டச்சுப் பழகுவாள்.

அவள் துணி துவைக்கப் போகும் நேரம் என்னுடைய நேரம். கை வைக்கக்கூடாது என்றார்களா, இரண்டு கையையும் வைத்தேன். பிளேயருக்கு வேறு சட்டை மாட்டலாம் என்று கண்டுபிடித்தேன். உங்களுக்கு நினைவிருக்கும், விதவிதமான தோற்றங்கள் அதிலேயே இருக்கும். மரப்பலகையில் பித்தளைக் குமிழ் வைத்த மாதிரி ஒன்றை மாட்டிவிட்டேன். அதில் எழுத்து ஒன்றும் கிடையாது, வெறும் புள்ளிகள். ஒரு புள்ளியைத் தட்டினால் சின்னதாக விளக்கு எரிந்தது. அது எரிந்தால் பிளேயர் பட்டியல் வரிசையை விட்டுவிட்டு, எங்கிருந்தோ ஒரு பாட்டைப் பொறுக்கிப் போடும். அடுத்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அது தலைகால் புரியாத சந்தோஷம். விளக்கை எரியவிட்டே வைத்தேன். சட்டை மாறியதை அக்கா பார்த்தாள், கணினி தானாக மாறிக்கொள்ளும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

இங்கே ஒரு விஷயத்தை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டும். நம் தோட்டத்து ஆட்கள் பாட்டைச் சும்மா கேட்டவர்கள் அல்லர். வானொலியில் நேயர் விருப்பம் வருமே, பாட்டுக்கு முன்னால் யார் யாருக்கு அனுப்புகிறார்கள் என்று பெயர் வாசிப்பார்களே, அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். எங்கள் லயத்தில் ஒரு கல்யாணப் பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டு வீட்டுக்காரர்கள் வேலித் தகராறில் பேச்சு நின்றுபோய், மாதக்கணக்கில் பாட்டு அனுப்பியே திட்டிக்கொண்டார்கள். ஒரு பாட்டு வந்தால் அதை ஒருவர் அனுப்பியிருக்க வேண்டும், இன்னொருவருக்குப் போய்ச் சேர வேண்டும். அனுப்பாத பாட்டு என்று ஒன்று அவர்கள் உலகத்தில் இல்லை.

முதலில் மோப்பம் பிடித்தவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே அம்மாவிடம் வந்து சொன்னார்.

"ஏன்டி, அந்த லாரி பலகை மேல ஏர்றப்பல்லாம் ஒங்க வூட்டுல லவ் பாட்டா வருதே. கவனிச்சியா?"

"பாட்டுன்னா அப்படித்தான் வரும்," என்றார் அம்மா.

"வரும் வரும். நேத்து வந்துச்சு, முந்தா நாளும் வந்துச்சு. அந்த டிரைவர் பையன் தலைய வெளிய நீட்டிக்கிட்டு கேக்குறான்லா. நான் எதுவும் சொல்லல, கண்ணால பாத்தத சொன்னேன்."

சினிமாப் பாட்டில் பத்துக்கு ஒன்பது காதல் பாட்டு. லாரி போனாலும் சரி, மாடு போனாலும் சரி, காதல் பாட்டில்தான் வந்து மாட்டும். இது இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு அம்மாவுக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலத்திலிருந்து அம்மா ஐந்து மணியானால் வாசலில் முறத்தோடு உட்கார்ந்துவிடுவார். முறத்தில் அரிசி இருக்கும், கண் அரிசியில் இருக்காது. லாரியைப் பார்ப்பார், ஜன்னலைப் பார்ப்பார், அக்காவின் முதுகைப் பார்ப்பார். வீட்டில் பேச்சுக் குறைந்துபோனது. அக்கா சிரித்தால் ஏன் சிரித்தாள் என்றும், சும்மா இருந்தால் ஏன் சும்மா இருக்கிறாள் என்றும் ஆனது.

ஒரு நாள் அம்மா ஒரு சோதனை வைத்தார். அக்கா பாட்டை ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், மாவரைக்க வேண்டும் என்று அவளைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார். அவள் இல்லாதபோது என்ன பாட்டு வருகிறது என்று பார்க்கிறாராம். லாரி வந்தது. பலகை மேல் ஏறியது. ஜன்னலில் பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பித்தது. பிரிந்து போனவளை நினைத்து ஒருவன் உருகி உருகிப் பாடுகிற பாட்டு. அந்த நேரம் பார்த்துப் பாலத்தில் ஓர் ஆடு குறுக்கே வர, டிரைவர் ஹாரன் அடித்தார்.

பாட்டு அக்கா வைத்துவிட்டுப் போனது, ஹாரன் அவன் தந்த பதில் என்றே அம்மாவுக்குப் பட்டது; கையிலிருந்த முறம் சாய்ந்து அரிசி வாசலெல்லாம் கொட்டியது. நான் பொறுக்க ஓடினேன். "போடி உள்ள," என்றார். அந்தக் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

அப்பா நேரே டிரைவரிடம் போனார். அவரையும் சும்மா சொல்லக்கூடாது, அடிக்கப் போகவில்லை. எடை போடும் இடத்தில் வைத்து மெதுவாகக் கேட்டிருக்கிறார், "என் வூட்டு முன்னாடி ஏன் அவ்வளவு மெதுவா போற?" அந்தப் பையன் கள்ளமில்லாமல், "நல்ல நல்ல பாட்டா போடுறாங்க அண்ணே. என் லாரியில ரேடியோ கெட்டுப்போச்சு," என்று சொல்லியிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து முதல் பாதியை மட்டும் சொன்னார். ரேடியோ கெட்டுப்போன கதையை அவர் சொன்னது பல வருடம் கழித்து, அதுவும் வேறு யாரோ லாரியைப் பற்றிப் பேசியபோது. மறுநாளிலிருந்து அந்தப் பையனை தோட்டத்தின் வேறு டிவிஷனுக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் சாலையில் வேறொருவர் லாரி ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வரவழைக்கப்பட்டார், கணினி தெரிந்தவர் என்று. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்பா நின்றார். அம்மா சுவரோடு சாய்ந்து தரையில் இருந்தார். அக்கா சமையல்கட்டு வாசலில், கையில் மாவு ஒட்டியபடி.

"நான் பாட்டு எடுத்துப் போடலம்மா," என்றாள் அக்கா. "நான் ஆரம்பிச்சி மட்டுந்தான் வுடறேன். அது தானா மாத்தி மாத்திப் போடுது. சத்தியமா."

மாமா பிளேயரைப் பார்த்தார். மரப்பலகையும் பித்தளைப் புள்ளிகளும். அவர் போட்டுக் கொடுத்தபோது அப்படி இல்லை. கேட்டால் தனக்குத் தெரியாது என்று ஆகிவிடும், அதனால் கேட்கவில்லை. நான்கு பாட்டைப் போட்டு நிறுத்திப் பார்த்தார். பட்டியல் வரிசையில் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அக்கா, கம்ப்யூட்டர் தானா ஒண்ணும் செய்யாது," என்று அம்மாவிடம் சொன்னார். "யாராச்சும் சொன்னாத்தான் செய்யும். மெஷின் லா அது. வரிசய மாத்தியிருக்குன்னா, ஒக்காந்து மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இன்றைக்கு நான் செரம்பானில் கணினி பழுது பார்க்கிற வேலையில் இருக்கிறேன். வருகிறவர்களிடம் இதையேதான் சொல்கிறேன். யாரோ சொல்லித்தான் அது செய்தது. அந்த யாரோ, அரிசி டின்னின் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். "பாப்பா அது பக்கத்துலயேதான் இருப்பா. அவளையே கேளுங்கம்மா."

அம்மா என் பக்கம் திரும்பினார். "சொல்லுடி. அது தானா மாத்திப் போடுமா?"

எனக்கு அடி பயம் இருந்தது. கை வைத்தது தெரிந்தால் விளக்குமாறு பிய்ந்துவிடும். ஆனால் பயந்துதான் பொய் சொன்னேன் என்று இத்தனை வருடம் எனக்கே நான் சொல்லிக்கொண்டதை நீங்கள் நம்ப வேண்டாம், நான் நம்பவில்லை. அந்த நொடியில் நான் பார்த்தது அக்காவை அல்ல, பெட்டியை. அக்கா போகாவிட்டால் அது போகாது.

"இல்லம்மா," என்றேன். "நாம போடற பாட்டுதான் வரும்."

அவ்வளவுதான். அப்பா உள்ளே போய்க் கடிதத்தை எடுத்துப் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். "இங்கயே இப்படின்னா, செரம்பான்ல யாரு காவ காக்கிறது? அடுத்த வருஷம் பாப்போம்," என்றார். அடுத்த வருடத்துக்குக் கடிதம் காத்திருக்காது என்பது அவருக்குத் தெரியுமா தெரியாதா, இதுவரை எனக்குச் சந்தேகம்தான். அக்கா அழவில்லை. மாவுக் கையைக் கழுவினாள். பிறகு போய்த் தோசை வார்த்தாள், எனக்கும் ஒன்று வைத்தாள். நான் சாப்பிட்டேன்.

வெள்ளைச் சப்பாத்து எனக்கு வந்தது. முன்னால் காகிதத்தைச் சுருட்டி அடைத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். கணினியும் எனக்கு வந்தது. அக்கா அதன் பக்கமே போகவில்லை. சில மாதத்தில் கையுறைத் தொழிற்சாலை வேலைக்குப் போனாள், இரண்டு வருடத்தில் கெமாஸில் ரயில்வே வேலை பார்க்கிறவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் நல்லவர், குறை சொல்ல முடியாது. நான் அந்தக் கணினிப் பெட்டியைப் பிரித்து மாட்டிப் பிரித்து மாட்டியே தொழிலைக் கற்றேன். பிளேயர் ஒவ்வொரு வருடமும் புதுசாக வந்தது, கனத்தது, திறக்க நேரம் பிடித்தது. ஒரு நாள் வேறொன்றைப் போட்டுக்கொண்டு அதை அழித்தேன். நிஜமாக அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்று தட்டினேன்.

அம்மா இல்லை இப்போது. பெரியம்மாவும் போய்விட்டார். அப்பா என்னோடு இருக்கிறார், கேட்டால் ஞாபகமில்லை என்பார். அதையும் நான் முழுசாக நம்புவதில்லை.

போன மாதம் கெமாஸுக்குப் போயிருந்தேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்த கை, படபடவென்று ஓடும். என்னைக் கண்டதும் வழக்கம்போல் கைப்பேசியை நீட்டினாள்.

"இத கொஞ்சம் பாரு. நான் ஒரு பாட்டு கேட்டா அது ஒம்போது பாட்டு போடுது. நடுவுல விளம்பரம் வேற. அப்ப வூட்டுல பச்ச கம்பி குதிக்குமே, அந்த மாரி ஒண்ணு போட்டுக் குடேன்."

"அது இப்ப இல்லக்கா. வேற போடுறேன், விளம்பரம் இல்லாதது," என்று வாங்கினேன். திறந்து பார்த்தால், வரிசையைக் கலைத்துப் போடுகிற பொத்தான் எரிந்துகொண்டிருந்தது. யாரும் தட்டவில்லை, செயலியே எரியவைத்திருக்கிறது. இப்போது வருவதெல்லாம் அப்படித்தான். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவளுக்காகச் சொன்னேனா, என் பாரம் இறங்கச் சொன்னேனா, அதுவும் சந்தேகம்.

"அக்கா, அன்னிக்கும் இதே பொத்தான்தான்."

"என்னிக்கு?"

"மாமா வந்து பார்த்தாரே, அன்னிக்கு. நான்தான் தட்டி வச்சிருந்தேன். அது எரிஞ்சா பாட்டு தானா மாறும்."

கீரை ஆய்கிற கை நின்றது. "அம்மா கேட்டப்ப ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல இன்னொரு தடவை வாய்ப்பு வந்தது. "தெரியும்," என்றேன்.

அவள் கீரைத் தண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். பக்கத்து வீட்டில் யாரோ மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

"நான்தான் எதையோ தட்டிட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்," என்றாள். குரலில் கோபம் இல்லை. "இத்தன வருஷமா. கைய வச்சிக்கிட்டுச் சும்மா இல்லாம எதையோ தட்டிக் கெடுத்துக்கிட்டேன்னு. அதான் எந்த மெஷினையும் நான் தொடறதில்ல, எல்லாத்தையும் ஒன்கிட்டயே குடுத்துருவேன். நீ சின்னப் புள்ள, ஒனக்கு என்ன தெரியும்னு நெனச்சேன். எல்லாரையும் சந்தேகப்பட்டிருக்கேன் பாப்பா. அப்பாவ, பெரியம்மாவ, அந்த டிரைவரக்கூட. ஒன்ன மட்டும் இல்ல."

எழுந்து போய்க் கீரையைக் கழுவினாள். சோறு போட்டாள். எனக்குப் பிடிக்கும் என்று நெத்திலி வறுத்திருந்தாள், அதையும் நிறைய வைத்தாள். அத்தான் வந்து உட்கார்ந்து ரயில் தாமதத்தைப் பற்றிப் பேசினார், அவருக்குப் பதில் சொன்னாள், சிரித்தாள்கூட.

சாப்பிட்டு முடித்ததும் பாதியில் விட்ட வேலையை முடித்துவிடலாம் என்று அவளுடைய கைப்பேசியை எடுத்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

"குடு. நானே பார்த்துக்கறேன்."

"இங்க தட்டணும்க்கா, இத..."

"குடு."

கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திரை எனக்குத் தெரியாதபடி லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, ஒரே விரலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.